டேப் சுற்றிய வயர்

“சார், பஸ்ஸர் விஷயத்தை மட்டும் எழுதிராதீங்க” என்று கேட்டது ஓனர் இல்லை, டிரைவர். ஓனர் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். விபத்தான வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் இன்சூரன்ஸ் சர்வேயருக்கு அது பழகிப்போன பேச்சு.

மேலூர் பக்கம் கிராவல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய டிப்பர், நான்குவழிச் சாலைப் பாலத்துக்கு அடியில் தூக்கிய பாடியோடு நுழைந்துவிட்டது. பாடியைத் தூக்கும் ஜாக்கியின் ஆணி வெட்டுப்பட்டு, பாடி பின்பக்கக் கீலோடு பிடுங்கிக்கொண்டு, சேசிஸ் வளைந்து, பாலத்தின் விளிம்பில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை. டிரைவருக்குத் தோள்பட்டையில் அடி, அதோடு போனது.

“பாடி தானா ஏறிருச்சு சார்” என்றார். கேட்டவுடன் சிரிப்பவர்கள் உண்டு, ஆனால் அது நடக்கக்கூடியதுதான். பாடியைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பைக் கியர்பாக்ஸிலிருந்து சுற்றவைக்கும் பி.டி.ஓ. இணைப்பை எடுத்துவிடாமல் வண்டியை நகர்த்தினால் பம்பும் கூடவே ஓடும், வால்வும் சரியாக நிற்கவில்லை என்றால் காலி பாடி மெல்ல மெல்ல எழும்பும். சைடு கண்ணாடியில் பக்கவாட்டுதான் தெரியும், தலைக்குப் பின்னால் எழும்புவது தெரியாது. முழுசாகத் தூக்கினால் ஆறு மீட்டரை எளிதாகத் தாண்டும், எந்தப் பாலம் தாங்கும்? பாடி ஏறியிருந்தால் கேபினுக்குள் கத்தி எச்சரிக்கத்தான் அந்த பஸ்ஸரே. பி.டி.ஓ.வை டிரைவர் எடுக்காமல் விட்டாரா, எடுத்தும் அது விடுபடவில்லையா என்பதை, அடிபட்டு நொறுங்கிய பிறகு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் வயர் பொய் சொல்லவில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே பஸ்ஸருக்குப் போகும் வயரை வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் ஓரத்தில் கசிந்த பசையில் செம்மண் தூசி அப்பியிருந்தது, விரலால் தேய்த்தும் போகவில்லை. நேற்று முந்தாநாள் செய்த வேலை இல்லை அது.

“பாடி இறங்கியிருந்தாலும் அடிச்சுக்கிட்டே கிடக்கும் சார். சுவிட்ச் போச்சு, மாத்துங்கன்னு ஓனர்கிட்ட சொன்னேன். ஆள் வந்து வயரை வெட்டிட்டுப் போயிட்டாரு.”

“அப்ப தம்பி, அதை எழுதுனா உங்களுக்குத்தானே நல்லது?”

“நல்லது இல்ல சார்.”

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. டிரைவர் கவனக்குறைவு என்றால் பாலிசியில் கிளைம் கிடைக்கும், அதற்காகத்தானே இன்சூரன்ஸ். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்கவில்லை என்றால்தான் அது நிபந்தனை மீறல், கம்பெனி தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆக டிரைவர் பழியை ஏற்றால் ஓனருக்குப் பணம் வரும், டிரைவருக்கு வேலை நிற்கும். வேகமாகவும் கவனமில்லாமலும் ஓட்டினார் என்ற போலீஸ் வழக்கு எப்படியும் அவர் பெயரில்தான். இதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

நான் எழுதினேன். ‘எச்சரிக்கை பஸ்ஸரின் வயர் இணைப்பில் இல்லை, துண்டிப்பு பழையதாகத் தெரிகிறது’ என்று ஒரே வரி. யார் துண்டித்தது என்று எழுதவில்லை, டிரைவர் சொன்னதையும் சேர்க்கவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுவதுதான் சர்வேயர் வேலை, அது சரிதான் என்று அன்றைக்கு இருந்தது. இன்றைக்கு யோசித்தால், யார் என்பதை விட்டுவிட்டதால் அந்த வரி ஓனரையும் தொடவில்லை, டிரைவரையும் காப்பாற்றவில்லை. அவர் சொன்னதைச் சேர்த்திருந்தால்? மறுநாளே வேலை போயிருக்கும். மொத்தமாக விட்டிருந்தால், அதே ஓனரின் மற்ற வண்டிகளில் இதே மாதிரி டேப் சுற்றிக் கிடந்தாலும் கேட்க நாதியில்லை.

அப்புறம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2014 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் இப்படித் தூக்கிய பாடியோடு போன லாரி ஒரு நடைமேம்பாலத்தையே சாய்த்து ஐந்து பேர் செத்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாலங்களில் லாரிகள் தொடர்ந்து மோதியதால், டிப்பர் மாதிரி வண்டிகளில் பாடி ஏறியிருந்தால் கேபினுக்குள் எச்சரிக்கும் கருவி 2024 ஜூன் 1 முதல் கட்டாயம். நல்ல சட்டம், இங்கேயும் வேண்டும். ஆனால் நான் பார்த்த வண்டியில் கருவி இருந்ததே! ஒரு சுவிட்சை மாற்ற மனசில்லாமல் வாயடைத்து வைத்திருந்தார்கள், அதற்கு எந்த ஊர்ச் சட்டம் வந்து நிற்கும்?

கிளைம் பிடித்தம் இல்லாமல் வந்தது. அந்த வரியைப் பற்றி யாரும் ஒரு விளக்கம்கூடக் கேட்கவில்லை. டிரைவர் மேல் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என் ரிப்போர்ட்டை கோர்ட் மூலமாகக் கேட்டு வாங்கினால் அந்த ஒரு வரி அவருக்கு உதவலாம். போன் பண்ணிச் சொல்லலாமா என்று பல தடவை நினைத்துவிட்டேன். சொன்னால், ஓனருக்கு எதிராக நில்லுங்கள் என்று நானே சொல்வது மாதிரி ஆகும். அவர் இன்னும் அதே ஓனரிடம்தான் வண்டி ஓட்டுகிறார்.