மறியலால வாற பெடியன்

வாள்வெட்டு வழக்கில சிறைக்குப் போன பெடியன் திரும்பி வந்தால் ஊர் படலையைச் சாத்துது. அப்ப அவனுக்கு மிஞ்சுறது பழைய கூட்டாளிமார்தான். விடுதலையாகிற அண்டு அவங்களுக்கு முதல் வீட்டார் சிறைவாசலில நிக்கவேணும். இதைத்தான் நாங்கள் எல்லாத்திலும் பெரிசா நினைக்கிறம்.

வந்த கையோட புத்திமதி வேண்டாம். சோறு குடுங்கோ, நித்திரை கொள்ள விடுங்கோ. அடையாள அட்டை துலைஞ்சிருந்தால் பொலிசில முறைப்பாடு போட்டு, அந்தத் துண்டோட கிராம சேவகரிட்டப் போங்கோ. அட்டை இல்லாட்டி நல்ல வேலை கிடையாது.

ஹெரோயின் பழகினவன் எண்டால் அன்பு மட்டும் காணாது. உள்ள இருந்த காலத்தில உடம்பின்ர தாங்குசக்தி குறைஞ்சிருக்கும். பழைய அளவை எடுத்தால் உயிர் போகவும் கூடும். முதல் ரெண்டு கிழமையும் தனிய விடாதேங்கோ, போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மேசன், வெல்டிங் எண்டு பொறுமையான மூத்த ஆளுக்குக் கீழ வேலைக்கு விடுங்கோ. அங்க ஏதும் காணாமல் போனால் எல்லாரும் முதலில் அவனைத்தான் திரும்பிப் பாப்பினம். அந்தப் பார்வையாலதான் கனபேர் திரும்பவும் பழைய கூட்டாளிமாரிட்டப் போறாங்கள்.

வெட்டுப்பட்டவரின்ர வீட்டுக்கு அவசரப்பட்டு மன்னிப்புக் கேக்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. அவையள் சம்மதிக்கவேணும். சம்மதிக்காட்டி அதுவும் அவையளின்ர உரிமை.