டிஸ்க் பொறுப்பும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கே

அண்ணன் குடியாத்தத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். முகூர்த்த மாதம் வந்தால் கல்யாண வீடியோக்கள் மலையாகக் குவியும். எல்லாம் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் வீட்டு சர்வருக்குத்தான் வரும். என் வேலைக்கான சோதனை விஎம்களும் (ஒரே கணினிக்குள் தனித்தனியாக ஓடும் மெய்நிகர் கணினிகள்) அதே பெட்டியில்தான் ஓட வேண்டும். 32 ஜிபி ரேம், இரண்டு 8 டிபி டிஸ்க், ஓஎஸ்ஸுக்குத் தனியாக ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. அவ்வளவுதான் சொத்து.

கோப்புச் சேமிப்புக்கான ஓஎஸ்ஸான ட்ரூநாஸை நேரடியாகப் போட்டு விஎம்களை அதற்குள் ஓட்டலாம். கோப்புகளுக்கு அது அருமை. பகிர்வு, பயனர், ஸ்னாப்ஷாட் (கோப்புகளின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) எல்லாம் மவுஸிலேயே முடிந்துவிடும். விஎம் பக்கம்தான் எனக்குத் தயக்கம். 25.04 பதிப்பில் விஎம்களை ஓட்ட இன்கஸ் என்ற வேறு மென்பொருளுக்கு மாறினார்கள், 25.04.2-ல் பழைய முறையையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். சோறு போடும் விஎம்களை அங்கே குடிவைக்க மனம் வரவில்லை.

விஎம்களை ஓட்டுவதற்கென்றே உள்ள ஓஎஸ்ஸான ப்ராக்ஸ்மாக்ஸைப் போட்டு அதற்குள் ட்ரூநாஸை ஒரு விஎம்மாக ஓட்டுபவர்கள் நிறையப் பேர். அதற்கு டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கன்ட்ரோலரையே பாஸ்த்ரூ செய்துவிடுவது, அதாவது அந்த விஎம்மிடமே நேரடியாக ஒப்படைத்துவிடுவது நல்லது; அப்போதுதான் ட்ரூநாஸின் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளை நேரில் பார்க்கும், டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் ஸ்மார்ட் விவரமும் கிடைக்கும். ஆனால் பாஸ்த்ரூ செய்த விஎம்முக்கு ஒதுக்கிய ரேம் முழுவதும் அதற்கே பூட்டப்படும். 16 ஜிபி கொடுத்தால் பெட்டியின் ரேமில் பாதி போய்விடும். அப்புறம் கரண்ட். கோடையில் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே எங்கள் தெருவில் போய்விடும். திரும்பி வந்ததும் ட்ரூநாஸ் முதலில் எழ வேண்டும், அதன் பகிர்வை நம்பியிருக்கும் விஎம்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆர்டரில் நொடிக்கணக்குப் போடலாம்தான். ஏதாவது ஒன்று எழாமல் போய், நான் ஊரில் இல்லையென்றால் அம்மாவிடம் போனில் என்னவென்று சொல்வது?

அதனால் ட்ரூநாஸே இல்லாமல், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை எழுதும் இசட்எஃப்எஸ் மிரரை ப்ராக்ஸ்மாக்ஸிலேயே போட்டுவிட்டேன். பகிர்வுக்கு ஒரு சின்ன எல்எக்ஸ்சி கன்டெய்னர் (விஎம்மைவிட இலகுவான தனி அறை மாதிரி), அதில் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் சாம்பா. 512 எம்பி ரேமே அதற்குத் தாராளம்.

இதில் மெனக்கெட வேண்டிய இடம் அனுமதிகள். அன்ப்ரிவிலேஜ்ட் (பாதுகாப்புக்காக அதிகாரம் குறைத்த) கன்டெய்னரில் 1000 என்ற எண்ணுள்ள பயனர், வெளியே ஹோஸ்டில், அதாவது ப்ராக்ஸ்மாக்ஸில், 101000 ஆகத் தெரிவார். ஹோஸ்டில் அந்த எண்ணுக்கே ஃபோல்டரின் உரிமையை மாற்றிக் கொடுத்தால்தான் உள்ளே எழுத முடியும். இல்லாவிட்டால் உரிமையாளர் பெயர் ‘நோபடி’ என்று வந்து நிற்கும். இன்னொன்று ஏஆர்சி, அதாவது இசட்எஃப்எஸ் ரேமில் வைத்துக்கொள்ளும் கேஷ். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது ரேமில் 10 சதவீதம்தான் அதற்கு உச்சவரம்பு. எனக்கு அது 3.2 ஜிபி, 8 ஜிபியாக உயர்த்தினேன். பைட் கணக்கில் 8589934592 என்று எழுத வேண்டும்.

மிரர் இருந்தாலும் பேக்கப் தனி. அண்ணன் கைதவறி ஒரு ஆல்பத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் போய்விடும். தினசரி ஸ்னாப்ஷாட் அதற்குப் போதும். பெட்டியே போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் பிரதி எடுத்து குடியாத்தத்திலேயே வைத்திருக்கிறோம்.

ட்ரூநாஸின் அழகான திரை இதில் இல்லைதான். புதுப் பயனர் வேண்டுமென்றால் கன்டெய்னருக்குள் போய்க் கட்டளை அடிக்க வேண்டும். வீட்டில் இதைப் பயன்படுத்துவது மொத்தம் நாலு பேர். அதற்கு எதற்குத் தனியாக ஒரு திரை?