கருப்பை வாயில் கூடும் செல்கள்

பெண்களுக்கு எச்ஐவி எப்படித் தொற்றுகிறது என்று ஆராயும் எங்களுக்கு, ரத்த மாதிரியைக் கையாள்வது சுலபம். ஒரு மில்லியிலேயே பல லட்சம் வெள்ளணுக்கள் கிடைத்துவிடும். கருப்பை வாயிலிருந்து சைட்டோபிரஷ் என்ற சிறு தூரிகை வழியாக எடுத்த மாதிரி அப்படியில்லை. முட்களில் கெட்டியாகச் சளி ஒட்டியிருக்கும். பிரஷ்ஷைக் குழாயின் உள்விளிம்பில் உரசி உரசிக் கழுவி, சளியை வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் அடியில் மெல்லிய படிவு ஒன்று தங்கும். அதிலும் பெரும்பாலானவை மேற்பரப்புச் செல்கள். நாங்கள் தேடும் டி செல்கள், அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை, மிகக் குறைவு. நேரம் கடந்தால் அவையும் செத்துப்போகும். அதனால் மாதிரி வந்த அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

செல்களை ஒவ்வொன்றாக அளந்து வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியின் திரையில் புள்ளிகள் கூடி வரும்போது, ரத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கருப்பை வாயில் உள்ள சிடி4 செல்களில், அதாவது சிடி4 என்ற புரதம் கொண்ட டி செல்களில், சிசிஆர்5 என்ற இன்னொரு புரதத்தையும் தாங்கியவை மிக அதிகம். எச்ஐவி செல்லுக்குள் நுழைய முதலில் சிடி4ஐப் பற்றிக்கொள்ளும், அடுத்து சிசிஆர்5ஐ. கிருமி வந்தால் தடுக்க வேண்டும் என்று வந்து நிற்கும் செல்களே இந்த வைரஸுக்கு வாசலாகிவிடுகின்றன.

அழற்சி இருந்தால் இந்தச் செல்கள் இன்னும் திரளும். தென்னாப்பிரிக்காவில் நடந்த கேப்ரிசா 004 ஆய்வில், டெனோஃபோவிர் என்ற எச்ஐவி எதிர்ப்பு மருந்து கலந்த ஜெல் பெண்களுக்கு எச்ஐவி தொற்றுவதை 39 சதவீதம் குறைத்தது என்று 2010இல் அறிவித்தார்கள். பிற்பாடு அதே மாதிரிகளை அலசியபோது, பிறப்புறுப்பில் அழற்சி இருந்த பெண்களுக்குத் தொற்று அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. ஜெல்லும் அவர்களுக்கு அனேகமாகப் பலன் தரவில்லை.

அந்தப் பெண்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இருந்திருக்காது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அழற்சியை உண்டாக்கும் பாலியல் தொற்றான கிளமிடியா பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் இருக்கும். வெள்ளைப்படுதல், எரிச்சல் என்று சொல்லி வருபவர்களுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறை இவர்களைத் தவறவிட்டுவிடும். ஆனால் ஒரு பெண்ணுக்கு எச்ஐவி வந்துவிட்டால் கேள்வியெல்லாம் அவள் நடத்தையைப் பற்றித்தான். அவள் உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இது அநியாயம் என்று ஒவ்வொரு மாதிரியைப் பார்க்கும்போதும் தோன்றுகிறது.

சரி, அழற்சிக்குக் காரணமான தொற்றை அடக்கிவிட்டால் போதுமா? பிறப்புறுப்பு ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றில் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் சிடி4 செல்கள் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. அசைக்ளோவிர் கொடுத்து ஹெர்பிஸை அடக்கிப் பார்த்த பெரிய ஆய்வுகளிலும் எச்ஐவி தொற்றுவது குறையவில்லை.

அதனால்தான் லெனகாபவிர் என்ற எச்ஐவி தடுப்பு மருந்தின் ஊசி எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்கா, உகாண்டா பெண்களிடம் நடந்து 2024இல் முடிவு வெளியான பர்பஸ் 1 ஆய்வில், ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்ஐவி தொற்றவில்லை. இந்த மருந்து செல்கள் கூடுவதைத் தடுப்பதில்லை. வைரஸின் மரபுப் பொருளைச் சுற்றியுள்ள கேப்சிட் உறையைப் பிடித்து, செல்லுக்குள் போனாலும் அங்கே வேரூன்றவிடாமல் செய்கிறது.