போர்ச் கூரையில் புல்

சிங்கப்பூர் போனால் எல்லாரும் மெர்லயன் பக்கம் போவார்கள். அக்கா வீட்டுக்காரர் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கலைப் பள்ளிக் கட்டடத்தின் கூரை புல்வெளியாகவே வளைந்து தரைவரை இறங்கும். அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் செந்தூலுக்குத் திரும்பிய மச்சான், வீட்டுக்குள் நுழையாமல் கார் நிறுத்தும் போர்ச் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, கீழே மைவி கார் நிக்குது" என்றாள் அக்கா. கேட்டால்தானே!

இஞ்சினியர் நண்பர் வந்து பார்த்தார். கான்கிரீட் தாங்குமாம். ஆனால் தோட்டத்து மண்ணைக் கொட்டக்கூடாது, 10 செ.மீ. கனத்துக்குப் போட்டாலே, மழையில் ஊறிய பின் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டிவிடும். அதனால் பெர்லைட், தேங்காய் நார்த்தூள், சுட்ட களிமண் உருண்டை கலந்த லேசான கலவை. அதற்கடியில் நீர் கசியாத விரிப்பு, வேர்த் தடுப்பு, வடிகால் தட்டு, வடிகட்டும் துணி. "என் கல்யாணக் கட்டிலுக்குக்கூட இத்தனை விரிப்பு போடலை" என்றார் அத்தை.

சரிவு 15 பாகை இருக்கும், மண் சரியாமலிருக்கக் குறுக்குச் சட்டம் கட்டாயம் வேண்டும் என்று நண்பர் சொல்லித்தான் போனார். மச்சானுக்கோ அவசரம். "வேர் பிடிச்சா மண்ணைப் பிடிச்சுக்கும்." வேர் பிடிக்கச் சில வாரமாவது ஆகும். கோலாலம்பூரில் சாயங்கால மழை அவ்வளவு நாள் காத்திருக்குமா?

இடி இடித்தது, கொட்டியது. வழுக்கும் விரிப்பின்மேல் கலவை புல்லோடு சேர்ந்து ஒரே துண்டாக இறங்கி, வெளியே மூக்கை நீட்டி நின்ற மைவியின் பானட்டில் உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு அங்கிள் குடையோடு ஓடிவந்து பார்த்து, "நல்லா வந்திருக்கு தம்பி, ஆனா கார்மேல வந்திருக்கு" என்றார். அக்கா ஒன்றும் பேசவில்லை. அதுதான் பயம்.

அப்புறம் சட்டம் வந்தது. விரிப்பில் ஆணி அடித்தால் ஒழுகும் என்பதால், மேல்பக்கச் சுவரில் எஃகுக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்கள். மேலே தேங்காய் நார் வலை. கீழ் ஓரத்தில் தண்ணீர் வடியக் கூழாங்கல். மழைநீர் ஓடும் காணில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வந்துவிடக்கூடாதென்று அக்கா தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். சரிவில் மேல்பகுதி சீக்கிரம் காயும், அங்கே பத்துமணிப் பூ. ஈரம் தங்கும் கீழ்ப்பகுதியில் அத்தை யாரையும் கேட்காமல் பாண்டான் நட்டுவிட்டார்.

இப்போது எல்லாம் நன்றாகத்தான் நிற்கிறது. அங்கிளுக்கும் ஆசை வந்துவிட்டது. அவர் வீட்டுக் கூரை இன்னும் செங்குத்து. மச்சான் "பாத்துரலாம் அங்கிள்" என்று சொல்லி ஃபோனை எடுத்துச் சரிவை அளக்கத் தொடங்குவதற்குள், அங்கிள் தன் காரை எடுத்துத் தெருமுனையில் விட்டுவிட்டு வந்தார்.