விழுந்த இடம்

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சிகிச்சைச் செலவுக்கு இப்போது ஓரளவு வழி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. அட்டை இல்லாதவர்களுக்கும் வி.ஏ.ஓ. சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று அலைந்து வாங்கிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில். ஆள் படுத்துவிட்டால், மற்ற உதவிகளெல்லாம் அந்த ஆளை நேரில் வரச் சொல்கின்றன.

ரேஷன் கடையில் கைரேகை வைக்க வேண்டும். கார்டில் பெயருள்ள யாராவது ஒருவர் போனால் போதும்தான். கணவர் கட்டிலில், மனைவி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து என்றால் யார் போவது? 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியவர்களின் வீட்டு வாசலுக்கே அரிசியைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம். பூட்டிய வீட்டு வாசலில் அது என்ன செய்யும்? 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை கணக்கில் ஏறிவிடும். கைரேகை வைத்தே பணம் எடுத்துப் பழகியவருக்கு, ஊசி குத்தி வீங்கிய கையோடு வார்டில் கிடக்கும்போது எடுக்க வழியில்லை. நூறு நாள் வேலையில், வேலை நடக்கும் இடத்தில் வருகைக்காக எடுக்கும் போட்டோவில் இல்லாதவருக்குக் கூலி இல்லை. கூடத் துணைக்கு இருப்பவருக்கும் அதே கதிதான். ஒரு நோயாளி என்று பதிவேடு சொல்லும். நின்றுபோவது இரண்டு கூலி.

இதற்கெல்லாம் மேலே வீடு. ஏற்காட்டு காப்பித் தோட்டங்களில் லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு, வேலையோடு சேர்ந்தது. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் லைனில் எல்லோருக்கும் இருக்கிறது.

மிளகு சீசனில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தொடை எலும்பு முறிவு. "வீட்ல வழுக்கி விழுந்துட்டேனுங்க மேடம்" என்றார். இரண்டு முழங்கையின் உட்புறமும் மரப்பட்டை உரசித் தோல் வழண்டிருந்தது. சட்டைப் பையில் பச்சை மிளகுக் கொத்து. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கூட வந்த மேஸ்திரி வெளியே போனதும் மனைவி சொன்னார்: "தோட்டத்துலதானுங்க விழுந்தாரு. வீட்லன்னு சொல்லச் சொன்னாங்க. இல்லன்னா லைனைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க."

வேலையில் நடந்த விபத்து என்றால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாதக் கூலியில் 25 சதவீதம் இழப்பீடாகக் கேட்கலாம். கால் ஊனமாகிவிட்டால் தொகை வேறு. ஆனால் ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், 'வீட்டில் விழுந்தார்' என்று ஏறிவிட்டால், நாளைக்கு அந்தக் காகிதமே அவருக்கு எதிர்சாட்சி. எழுதியதை அடிக்க முடியாது. நோயாளி இப்போது இப்படிச் சொல்கிறார் என்று தேதி போட்டு டாக்டர் கூடுதலாக எழுதலாம், அவ்வளவுதான்.

உடனே உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் நெருக்கவில்லை. இழப்பீடு வரத் தாமதமாகலாம், வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு வாய் வார்த்தை போதும். முதலில் அந்த அம்மாவை மலைக்கு அனுப்பினோம். கணவருக்குத் துணையாக அவருடைய தங்கை வந்து உட்கார்ந்தார். அந்த அம்மா செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வருகைப் பதிவேட்டில், தன் பெயர் விடாமல் வேலைக்குப் போனார், ரேஷனும் வாங்கினார். கணவர் உள்நோயாளியாக இருக்கும் சான்றோடு தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவரச் சொன்னேன். முத்திரை வைக்க அங்கே ரொம்பத் தயங்கினார்களாம். தயங்கியபோதே அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது, "இப்ப எழுதச் சொல்லுங்க மேடம், டாக்டரை" என்று அவரே கேட்டார்.

தொழிலாளர் துறையில் கொடுத்த மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. வீடு இருக்கிறது. கணவர் வாக்கரோடு மலைக்குத் திரும்பிவிட்டார். மேஸ்திரி மட்டும் அவரிடம் பேசுவதில்லையாம்.