ராஜ்தூத் 350: டைமிங் ஒருவழியாக நின்றது

பிரித்துக் கட்டிவரும் ராஜ்தூத் 350 டூ-ஸ்ட்ரோக் பைக்கில் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் இடம், ரெண்டு சிலிண்டரிலும் பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. முன்னால் என்று சேர்ந்து நிற்கிறது. எண்பதுகளில் சென்னை அருகே சோழவரம் பந்தயங்களில் இந்த வண்டிகளின் சத்தம் கேட்டவர்களுக்கு டைமிங் ஏன் முக்கியம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. விமான ஓடுபாதை ஆச்சே, நீளமான நேர்கோட்டில் த்ராட்டிலை முழுசாகத் திறந்தே ஓட்ட வேண்டும். டைமிங் கொஞ்சம் அட்வான்ஸாக (முன்கூட்டி) இருந்தாலும் பிஸ்டன் தலையில் ஓட்டைதான்.

போரிங், ரிங் வேலையெல்லாம் வழக்கம்போல. இழுத்தடித்தது இடது சிலிண்டரின் பாயிண்ட், அதாவது திறக்கும்போது பிளக்கில் பொறியை வரவைக்கும் சுவிட்ச்.

முதலில் கேப், அதாவது பாயிண்ட் முழுசாகத் திறக்கும்போது உள்ள இடைவெளி: 0.35 மி.மீ. கேப்பை அகட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து டைமிங்கும் முன்னே போய்விடும். அதனால் டைமிங் வைத்த பிறகு கேப்பில் கை வைக்கவே கூடாது. அடுத்து பிளக் ஓட்டையில் டயல் கேஜ் பூட்டி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது சைபர் வைத்து, கிராங்கைப் பின்னால் 3 மி.மீ. தாண்டித் திருப்பி, மறுபடி ஓடும் திசையிலேயே கொண்டுவர வேண்டும். இடப்பக்கம் நின்று பார்த்தால் எதிர்க் கடிகாரச் சுற்று. பாயிண்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் 12 வோல்ட் பல்பு. சாவி போட்டிருக்கும்போது, பாயிண்ட் திறக்கிற கணத்தில் பல்பு எரியும்; கேஜ் 2 மி.மீ. காட்டும்போது அது எரிய வேண்டும். 2 மி.மீ. என்பது கிராங்க் சுற்றில் ஏறக்குறைய 20 டிகிரி. அந்த இடத்தில் 0.2 மி.மீ. தவறினால் ஒரு டிகிரி போச்சு, கண் அளவு உதவாது. ரெண்டு பாயிண்ட்டையும் தாங்கும் பெரிய தட்டோடு நகர்த்தி வைக்கும் பாயிண்ட்டை முதலில் முடித்துவிட்டு, அப்புறம்தான் சின்னத் தட்டுக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் ரெண்டும் கலைந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு அளவு காட்டினால் தட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராங்க் முனையில் உள்ள ரோட்டரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கணும். பல்பு மினுக்கினால் இடது கிராங்க் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். பாயிண்ட்டைத் திறக்கும் கேம் கிராங்க் முனையிலேயே இருக்கிறது, கிராங்க் ஆடினால் கேமும் ஆடும். இங்கே நடந்தது இதேதான். பேரிங் ஆடிய வண்டியில் அந்தப் பக்க ஆயில் சீலும் காற்று இழுக்கும், மிக்ஸ்சர் லீனாகி (பெட்ரோல் குறைந்து) இடது பிஸ்டன்தான் முதலில் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடிக்கும். ஐடில் வேகம் தானாக ஏறி, பிறகு இறங்காமலே நின்றால் சந்தேகம் அங்கேதான். வலது சீல் போனால் கியர் ஆயில் எரிந்து வெள்ளைப் புகை வரும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

சென்னை புதுப்பேட்டையில் பாயிண்ட் செட் எடுப்பவர்கள் கான்டாக்ட் ரெண்டும் முழுசாகப் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். கோணலாக உட்காரும் டூப்ளிகேட்தான் இப்போது அதிகம், சீக்கிரமே கருகிவிடும். கன்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து ஸ்க்விஷ், அதாவது பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கணும், சோல்டர் கம்பி வாங்கியாச்சு. ஆட்டோலூப்பை (ஆயிலைத் தானே செலுத்தும் பம்ப்) கழற்றிவிட்டு பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலப்பதாகத் திட்டம். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் கார்புரேட்டரின் பழைய மெயின் ஜெட்டில் லீனாகத்தான் ஓடும். ஒரு சைஸ் ஏற்றிப் போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டி, அப்படியே கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக் நிறம் பார்த்த பிறகுதான் ஃபோர்க் பக்கம் போவது.