படிவத்தின் மூலையில் ஓர் எண்

அமெரிக்காவில் இருப்பவர்கள் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை எடுத்து முதல் பக்கத்தின் மேல் மூலையைப் பாருங்கள். ஓஎம்பி எண் 1615-0052 என்று பொடி எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே ஒரு காலாவதித் தேதியும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று நிரப்பிக் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தில் 1545-0074. மருந்து பாட்டிலுக்குப் போடுகிற மாதிரி ஒரு படிவத்துக்கு எதற்கு எக்ஸ்பயரி என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட எண்கள் காலாவதி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒன்பது வருடம் எனக்குச் சோறு போட்டது. நான் அரசு ஊழியன் இல்லை. வாஷிங்டனில் ஒரு துறைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கியவன். ஊரில் அம்மா கேட்டால் "கவர்மென்ட் ஆபீஸில் ஃபாரம் பார்க்கிறேன்" என்பேன். "அவ்வளவு தூரம் போயும் அதுதானா" என்பார்.

1980 டிசம்பரில், பதவியை விட்டு இறங்கச் சில வாரங்களே இருந்தபோது ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பேப்பர்வொர்க் ரிடக்‌ஷன் சட்டம்தான் இதற்கெல்லாம் மூலம். 1995இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். விஷயம் இதுதான்: மத்திய அரசின் எந்த அலுவலகமும் 12 மாதத்துக்குள் 10 பேரிடமோ அதற்கு மேலோ ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டுமென்றால், ஓஎம்பி என்கிற அதிபரின் பட்ஜெட் அலுவலகத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் அறிவிப்புப் போட்டுவிட்டு 60 நாள் பொதுமக்கள் கருத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு அறிவிப்பு, இன்னொரு 30 நாள். எல்லாம் முடிந்து அனுமதி வந்தாலும் அதிகபட்சம் 3 வருடம்தான் செல்லும், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செல்லுபடியாகும் எண் இல்லாத படிவத்தை நிரப்பவில்லை என்பதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதியிருப்பதால், அந்தத் தேதி தவறினால் எங்கள் தலை உருளும். இதிலிருந்து தப்பிக்க அலுவலகங்களில் ஒரு பழக்கம் உண்டு, எதைக் கேட்டாலும் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்வது. பத்தாவது ஆள் தானாக வந்து பேசினால்கூட எங்கள் ஆட்கள் நோட்டை மூடிவிடுவார்கள்.

அனுமதிக்குப் போகும் கோப்பில் பதினெட்டுக் கேள்விகளுக்கு நாங்கள் பதில் எழுத வேண்டும். பன்னிரண்டாவது கேள்வி சுமை பற்றியது. எத்தனை பேர் நிரப்புவார்கள், வருடத்துக்கு எத்தனை தடவை, ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், இந்த மூன்றையும் பெருக்கி மணிக்கணக்கில் எழுத வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு படிவத்துக்கு 15 நிமிடம் என்று போட்டிருந்தது. இது எப்படி வந்தது என்று என் மேலாளரிடம் கேட்டேன். போன தடவையும் 15 தான் என்றார். அதற்கு முந்தின தடவை? அதுவும் 15. பழைய கோப்புகளைக் கிளறிக்கொண்டே போனால் கடைசியில் தட்டச்சு இயந்திரத்தில் அடித்த ஒரு தாளில் போய் முட்டுகிறது, அதிலும் 15. யாரோ ஒருவர் எப்போதோ உத்தேசமாகப் போட்ட எண், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சட்டப்படி புதுப்பிக்கப்பட்டு, அரசிதழில் அச்சாகி, உண்மை மாதிரியே ஆகிவிட்டது. நானும் 15 என்று எழுதிவிட்டுப் போனேன். புது ஆள் வேறு என்ன செய்ய முடியும்.

எட்டாவது கேள்வி, என்ன கருத்துகள் வந்தன, அவற்றுக்கு என்ன செய்தீர்கள் என்பது. இதற்கு நான் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம்: "கருத்து ஏதும் வரவில்லை." எத்தனை கோப்பில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அறிவிப்பு வெளியாகும் நாள் காலையில் காபியோடு உட்கார்ந்து அரசிதழைத் திறப்பேன், ஒவ்வொரு அறிவிப்பின் அடியிலும் காலை 8:45க்குப் பதிவானது என்று ஒரு வரி இருக்கும், எங்கள் துறையுடையதைத் தேடிப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொள்வேன். அவ்வளவுதான், அடுத்த 60 நாளும் நிசப்தம். 2017இல், எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்லும் இணைய நடுநிலை விதியை நீக்கப் போனபோது, தொலைத்தொடர்பைக் கவனிக்கும் எஃப்சிசி ஆணையத்துக்கு 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல் கருத்துகள் வந்து குவிந்தன. அதில் ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் போலி என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2021இல் கண்டுபிடித்துச் சொன்னார். அதே அமெரிக்காதான். படிவத்தில் ஏழாவது கேள்வி தேவையா என்று கேட்டால் போலிக் கருத்துப் போடக்கூட நாதி இல்லை.

தபால் வராமல் இல்லை, வரும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "இதை நிரப்ப இவ்வளவு நேரம் ஆகும் என மதிப்பிட்டிருக்கிறோம், கருத்து இருந்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள்" என்று ஒரு பத்தி இருக்கும். படிவத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும் ஒரே முகவரி அதுதான் என்பதால் மக்கள் பூர்த்தி செய்த படிவத்தையே அதற்கு அனுப்பிவிடுவார்கள். பிறந்த தேதி, காசோலை, சில சமயம் ஒரு நன்றிக் குறிப்பு எல்லாம் சேர்த்து. அவற்றைச் சரியான இடத்துக்குத் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்.

அந்தக் கட்டுக்குள்தான் ஒரு நாள் அந்தக் கடிதம் இருந்தது. ஒரு சின்ன கிராமத்துச் சங்கத்தில் கணக்கு எழுதும் அம்மாள், ஒன்றரைப் பக்கம், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு டைப் செய்து அனுப்பியிருந்தார். கோபம் எதுவும் இல்லை. படிவத்தை நிரப்ப 15 நிமிடம் சரிதான் என்று ஆரம்பித்திருந்தார். ஆனால் ஏழாவது கேள்விக்கான தொகை தன் கணக்கேட்டில் இல்லை, கவுன்ட்டி என்கிற மாவட்ட அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் செய்ய வேண்டும், அவர்கள் தருவது நாட்காட்டி ஆண்டுக் கணக்கு, நீங்கள் கேட்பது நிதியாண்டுக் கணக்கு, அதை உடைத்து மறுபடி கூட்ட வேண்டும் என்று, எந்த நாளில் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தார் என்பது உட்பட எழுதியிருந்தார். மொத்தம் ஒன்பதே கால் மணி நேரம். காத்திருப்பில் போட்ட நேரத்தைச் சேர்க்கவில்லை என்று ஓர் அடிக்குறிப்பு வேறு.

சட்டம் அவர் பக்கம் இருந்தது, அது அவருக்குத் தெரிந்திருக்காது. சுமை என்றால் பேனாவைக் கையில் எடுத்ததிலிருந்து கீழே வைத்தது வரை மட்டும் இல்லை. குறிப்புகளைப் படிப்பது, விவரம் தேடுவது, திரட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் அதில் அடக்கம் என்று அந்தச் சட்டத்தின் வரையறையே சொல்கிறது. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு திட்டப் பிரிவுக்குப் போனேன். 15 நிமிடத்தை ஒன்பது மணி நேரம் என்று மாற்றினால் ஓஎம்பி சும்மா விடுமா, இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்காதா என்று அங்கே ஒரே பதற்றம். ஒரு கடிதம்தானே, மற்றவர்கள் யாரும் சொல்லவில்லையே என்றார் ஒருவர். அதுதான் சரியான வாய்ப்பு என்று, வேறு எட்டுப் பேருக்குப் போன் செய்து கேட்கிறேன் என்றேன், அந்த அம்மாளோடு சேர்த்தால் ஒன்பது. எட்டுப் பேரில் இரண்டு பேருக்கு அரை மணி நேரம். நான்கு பேருக்கு ஒரு முழு நாள். மிச்ச இரண்டு பேர், அந்தக் கேள்விக்குப் போன வருடத் தொகையையே கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடுவோம் என்று கூச்சமில்லாமல் சொன்னார்கள். நான் 15 நிமிடத்துக்குச் செய்ததையேதான் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

ஏழாவது கேள்விக்கு வரும் பதிலை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அதைச் சேர்க்கச் சொன்னவர் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. கேள்வியை எடுத்துவிட்டோம். அனுமதிக் கோப்பின் எட்டாவது கேள்விக்கான பதிலில் முதல்முறையாக முழு ஒரு பத்தி எழுதினேன், கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அடுத்த வருடம் நாடாளுமன்றக் குழு ஒன்றிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, கேட்டிருந்தது சரியாக அந்தத் தொகைதான். திட்டப் பிரிவு அதிகாரி அதை எனக்கு அப்படியே ஃபார்வர்டு செய்தார், மேலே ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டு.

இதற்குப் பிறகு என்னை ஆலோசனைக் குழுக்கள் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள், தண்டனையா பதவி உயர்வா என்று இன்றுவரை தெரியாது. அங்கே வேறு சட்டம், 1972இல் நிக்சன் கையெழுத்திட்டது, ஃபாக்கா என்பார்கள். அரசுக்கு யோசனை சொல்ல வெளியாட்களை வைத்துக் குழு அமைத்தால் அதற்கு ஒரு சாசனம் வேண்டும், அதை 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கூட்டம் நடப்பதை 15 நாள் முன்னதாக அரசிதழில் சொல்ல வேண்டும், கதவு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், பொறுப்பு அதிகாரி ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். உறுப்பினர்களில் எல்லாத் தரப்பும் சமமாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட குழுக்கள் நாட்டில் ஆயிரத்தையொட்டி இருந்தன. 2019 ஜூனில் டிரம்ப் மூன்றில் ஒரு பங்கைக் கலைக்கச் சொல்லி உத்தரவு போட்டார், 2021 ஜனவரியில் பதவியேற்ற அன்றே பைடன் அதை ரத்து செய்தார். இடைப்பட்ட காலத்தில் எந்தக் குழுவைக் காவு கொடுப்பது என்று நாங்கள் போட்ட பட்டியல்களைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

போய்ச் சேர்ந்த வாரமே தெரிந்தது, பழைய வேலை என்னை விடவில்லை என்று. குழுவில் சேர விரும்புபவர்களிடம் பின்னணி விவரம் கேட்க ஒரு படிவம் இருக்கிறது. விண்ணப்பிப்பவர்கள் பத்துப் பேருக்கு மேல். ஆகவே அந்தப் படிவத்துக்கும் ஓஎம்பி எண் வேண்டும், அதற்கும் 60 நாள், 30 நாள். வேளாண் துறையில் இதற்கென்றே ஏடி-755 என்று ஒரு படிவம் உண்டு. அரசுக்கு ஆலோசனை சொல்ல வருபவர்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று பொதுமக்களிடம் ஆலோசனை கேட்கிறது அரசு. யாரும் சொல்வதில்லை. கருத்து ஏதும் வரவில்லை.

ஆள் தேர்வில் நான் பார்த்தவரை அரசியல் சண்டையால் கெட்டுப் போனதைவிட அலுப்பால் கெட்டுப் போனதுதான் அதிகம். தனிப்பட்ட நிபுணராக நியமிக்கப்படுபவர் 365 நாளில் 130 நாளுக்கு மிகாத தற்காலிக அரசு ஊழியராகக் கருதப்படுவார், அதனால் சொத்து விவரம் தர வேண்டும். எவ்வளவு பணம் என்று அந்தப் படிவம் கேட்காது, எதில் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்கும். இதை நான் போனில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன். ஒரு பேராசிரியர் எல்லாம் கேட்டுவிட்டு, இலவசமாக யோசனை சொல்ல வருகிறேன், அதற்கு என் மனைவி எந்தப் பங்கு வைத்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமா என்று சொல்லி விலகிக்கொண்டார். அவருக்குப் பதில் யார் என்று பட்டியலைப் புரட்டினால், தரப்புக் கணக்கு உதைக்கிறது: இவரை எடுத்தால் தொழில்துறை இரண்டு ஆகிவிடும், அவரை எடுத்தால் மேற்குப் பகுதிக்கு ஆளே இல்லை. கல்யாணத்துக்குப் பந்தி வைப்பது இதைவிடச் சுலபம். ஒரு குழுவுக்கு இந்த மாதிரி ஒன்றேகால் வருடம் இழுத்து, கடைசியில் கையெழுத்தான நியமனக் கடிதங்கள் வந்து சேர்ந்தபோது குழுவின் சாசனம் காலாவதி ஆகியிருந்தது. பன்னிரண்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், குழு இல்லை. தேதியைக் கவனிக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

எனக்குப் பிடித்த வேலை கூட்ட நாள்தான். நிகழ்ச்சி நிரலில் பொதுமக்கள் பேச ஒரு நேரம் ஒதுக்கியிருக்கும், ஆளுக்கு மூன்று நிமிடம். 2:30 என்று அறிவிப்பில் போட்டிருந்தால் முந்தின பேச்சு 2:05க்கே முடிந்தாலும், அதை நம்பி யாராவது வருவார்கள் என்று 2:30 வரை காத்திருப்போம். ஒரு முறை 2:30க்கும் யாரும் இல்லை. பொறுப்பு அதிகாரி மைக்கில், கருத்துச் சொல்ல விரும்புவோர் யாராவது உண்டா என்று காலி நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்றார். உறுப்பினர்கள் போனை எடுத்துக்கொண்டார்கள். 2:38க்குக் கதவு திறந்தது. ஒரு பெரியவர். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், நான் மூன்று நிமிட டைமரைத் தயாராக வைத்தேன். கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

போன வருடம் என் என்-400ஐ நானே நிரப்பினேன். தொழில் புத்தி, பக்கத்தில் போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டேன். பெயர், முகவரி எல்லாம் மளமளவென்று போயிற்று. கடைசி ஐந்து வருடத்தில் நாட்டை விட்டு ஒரு நாளுக்கு மேல் வெளியே இருந்த பயணங்கள் என்ற இடத்தில் வண்டி நின்றது. பழைய பாஸ்போர்ட்டைத் தேடி, முத்திரை மங்கிப் போன பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, டிக்கெட் மின்னஞ்சல்களைத் தோண்டி, அப்பா காரியத்துக்குப் போய்வந்த தேதி நினைவில்லாமல் அம்மாவுக்குப் போன் போட்டு. முடித்தபின் குறிப்புப் பகுதியின் கடைசியில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்தேன். பூர்த்தி செய்த படிவத்தை இந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள் என்று அங்கேயும் எழுதியிருந்தது. எனக்கு ஆன நேரத்தையும் எதில் ஆனது என்பதையும் ஒரு பக்கத்தில் டைப் செய்து, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, அந்த முகவரிக்கு அனுப்பி வைத்தேன். அம்மாவிடம் போனில் பேசிய நேரத்தைச் சேர்க்கவில்லை.